தொண்ணூற்றொன்பது பச்சிலை

உலகம் அழியப்போகிறது, நீதான் காப்பாற்ற வேண்டும் என்று என்னிடம் யாராவது சொன்னால், நான் முதலில் செய்வது எதிர்வீட்டுப் பானையைத் திறந்து பார்ப்பது. உள்ளே பச்சிலை இருந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு அடுத்த வீடு. ஊரில் உள்ள அத்தனை பானைகளையும் துழாவி முடித்த பிறகுதான் உலகத்தைப் பற்றி யோசிப்பேன்.

இது தொலைக்காட்சியில் ஓடும் பழைய கதை விளையாட்டு. நாலு பேர் கொண்ட கூட்டத்தை நாம் நடத்திச் செல்ல வேண்டும். ஒருவர் வாள் பிடிப்பவர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர், ஒருவர் வைத்தியர். ஊர் ஊராகப் போய், வழியில் பூதங்களோடு சண்டையிட்டு, பலம் ஏற்றி, கடைசியில் இருட்டுக் கோட்டையில் இருக்கும் ராஜாவை வெல்ல வேண்டும். முடிக்க மாதக்கணக்கில் ஆகும். நான் இப்படிப் பல உலகங்களைக் கோட்டை வாசல் வரை கொண்டுபோய், ராஜாவைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் பலம் ஏறட்டும் என்று நினைப்பேன். ஏறியிருக்கும். இன்னும் கொஞ்சம் என்று நினைப்பேன்.

எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பொறியியல் படித்து, நாமக்கல்லில் லாரி விபத்துகளை மதிப்பிடும் சர்வேயராக வேலை பார்த்தவன். நொறுங்கிய லாரியைச் சுற்றிவந்து பார்த்து, ஓட்டுநர் சொல்வது நடந்திருக்கக்கூடியதா என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். “மாடு குறுக்க வந்துருச்சுங்க சார்” என்று சொல்லாத ஓட்டுநரை நான் கண்டதில்லை. அந்த மாட்டைத்தான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. தூங்கிப்போன ஓட்டுநர்கள் எல்லோருக்காகவும் அது இந்த ஜில்லா முழுக்க நெடுஞ்சாலைகளில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பொய்யைக் கண்டுபிடிப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்ததும், அடுப்படிக்குப் போய்க் குக்கர் எத்தனை விசில் விட வேண்டும் என்று என் மனைவிக்கு யோசனை சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் மகள் ஹைதராபாத்திலிருந்து வரும்போது தன் பழைய விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள்.

“அப்பா, நீங்க சும்மா இருந்தீங்கன்னா அம்மாவுக்குத்தான் பிரஷர் ஏறுது. இதை வெச்சுக்கிட்டு ஒரு மூலையில உக்காந்துக்குங்க.”

உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் மாலை காபி வரை. பச்சிலைகளில் ஒரு வகை, செத்தவரை எழுப்பிவிடும். மிக அரிது. கிடைத்த ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்வேன். ஒரு பொருளைத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பை ஏற்காது. என் பையில் எப்போதும் தொண்ணூற்றொன்பது இருக்கும். கூட்டத்தில் ஒருவர் செத்தாலும் இலையைத் தொடமாட்டேன், கோயில் இருக்கும் ஊர் வரை மற்ற மூவரையும் நடத்திக்கொண்டுபோய் அங்கே எழுப்புவேன். இலை அவசரத்துக்கு. ஆள் செத்தது எப்படி அவசரமாகாது என்று என் மனைவி ஒருநாள் பின்னாலிருந்து கேட்டாள்.

அவள் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அந்தப் பெரியவரு ஏதோ சொல்ல வந்தாரு, நீங்க பாட்டுக்கு அவரு ஊட்டுப் பானையத் தூக்கிட்டு வந்துட்டீங்க. என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா?”

“அவரு சும்மா ஏதாச்சும் சொல்வாரு. கதைக்குச் சம்பந்தமில்ல.”

“சம்பந்தமில்லாதவங்ககிட்டப் பேசப்படாதாக்கும்” என்றாள்.

மறுநாள் காலை சமையல் முடித்த கையோடு, நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, அவளே பெட்டியை இயக்கினாள். விளையாட்டில் மூன்று இடங்களில்தான் ஆட்டத்தைச் சேமிக்கலாம். முதல் இரண்டும் எனக்கு. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஒரே ஆட்டத்தை இரண்டு இடத்திலும் வைத்திருந்தேன். காலியாக இருந்த மூன்றாவது இடம் அவளுடையதாயிற்று.

நாலு பேருக்கும் பெயர் வைக்கச் சொல்லி விளையாட்டு கேட்டது. ஐந்து ஆங்கில எழுத்துக்கு மேல் போடக்கூடாது. அவள் தயங்காமல் ஒவ்வொன்றாகப் போட்டாள். நாலும் பெண் பெயர்கள். வால் அறுபட்டு நின்ற அந்தப் பெயர்களில் ஒன்று அவளுடையது. மற்ற மூன்றும் யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை.

“ஹாஸ்டல்ல என்ர ரூம்ல இருந்தவங்க” என்றாள்.

அவள் குமாரபாளையத்துக்காரி. தறி வைத்திருந்த வீட்டிலிருந்து சேலத்துக்குப் போய், விடுதியில் தங்கி, கல்லூரியில் ஓராண்டு படித்தவள். அடுத்த ஆண்டு எங்கள் கல்யாணம். இவ்வளவும் எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சின்போது தெரிந்துகொண்டது. அதற்கு மேல் ஒரு கேள்வியும் நான் கேட்டதில்லை என்பது அந்த நாலு பெயர்களையும் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்பின் தெரியாத லாரி ஓட்டுநரிடம், விபத்துக்கு முன் எந்தக் கடையில் டீ குடித்தாய் என்பது வரை கேட்டவன் நான்.

பிறகு ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். வாள் பிடித்தவள் ஓமலூர்க்காரி. விடுதிக் கண்காணிப்பாளரிடம் நேருக்கு நேர் சண்டை போட்டவள். மந்திரவாதி கெங்கவல்லிக்காரி. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாளாம், அதைவிடப் பெரிய மந்திரம் என்ன இருக்கிறது என்றாள் என் மனைவி. வைத்தியர் ஆத்தூர்க்காரி. யாருக்குத் தலைவலி என்றாலும் தன்னிடம் இருந்த ஒரே தைலத்தைத் தேய்த்துவிட்டு இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம்.

“அப்ப திருடி?”

“நாந்தான். சமையக்கட்டுல வெல்லம் யாரு எடுத்துட்டு வந்து குடுத்தாங்கறீங்க?”

நான் மணந்தது ஒரு வெல்லத் திருடியை என்று இந்த வயதில் தெரியவந்தது.

அவள் விளையாடிய விதம் எனக்குத் தாங்கவில்லை. சண்டை வந்தால் ஓடிவிடுவாள். ஊரில் ஒருவர் விடாமல் நின்று பேசுவாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். காசு கிடைத்தால் கேடயம் வாங்கமாட்டாள், நாலு பேருக்கும் தொப்பி வாங்குவாள். ஒருத்தி செத்தால் கையிலிருக்கும் ஒரே இலையை அந்த நிமிடமே போட்டுவிடுவாள்.

“அதை இப்பவே போடறியே! பொறவு பெரிய பூதம் வந்தா?”

“பொறவு வர்றப்பப் பொறவு பாத்துக்கலாமுங்க. இப்ப இவ செத்துக் கெடக்கறாளே.”

அப்படியும் துறைமுக ஊர் வரை வந்துவிட்டாள். அந்த ஊர் அவளுக்குப் பிடித்துவிட்டது. கப்பல் ஏறினால் கதை நகரும். அவள் ஏறவில்லை. தினமும் நாலு பேரையும் கடற்கரையில் நடக்கவிட்டு, மீன்காரியிடம் பேச்சுக் கொடுத்து, சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டுச் சோறு போட வருவாள்.

இனி என் காரியம்.

ஒரு மதியம் நான் மறுபடியும் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தேன். இந்த முறை உள்ளே போய்விடுவது என்று முடிவுசெய்திருந்தேன். ஆகவே ஆட்டத்தை முதல் இடத்தில் சேமித்தேன். இரண்டாவது இடத்திலும் சேமித்தேன். இரண்டும் சேர்ந்து கெட்டுவிட்டால்? விரல் தானாகக் கீழே இறங்கியது. இங்கே ஏற்கெனவே ஓர் ஆட்டம் இருக்கிறது, அதன் மேல் எழுதட்டுமா என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியை அது எப்போதும் கேட்கும், நான் எப்போதும் ஆம் என்பேன். ஆம் என்றேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பாருங்கள் என்று எத்தனையோ லாரி முதலாளிகளுக்கு நான் அறிவுரை சொல்லியிருக்கிறேன்.

மூன்று இடத்திலும் என் ஆட்டம் நின்றது. ஓமலூர்க்காரி, கெங்கவல்லிக்காரி, ஆத்தூர்க்காரி, வெல்லத் திருடி, ஒருவரும் இல்லை. என் பாதுகாப்பு மட்டும் பூரணமாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நான் கோட்டைக்குள் போகவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, மனைவி தூங்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டேன்.

அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை டிவியின் பின்னால் போய் ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டிக்கு ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்றேன். அதற்கு மறுநாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், நான் பெட்டியை நோண்டிக்கொண்டிருக்கையில், எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று. மரக்கிளை வெட்டுகிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான், டிவிக்கு இல்லை. எனக்கு இதைவிட நல்ல மாடு கிடைக்காது.

“அட போச்சே!” என்று சத்தம் போட்டேன். நடிப்பு நன்றாகவே வந்தது. “இப்பத்தான் சரிபண்ணி ஆன் பண்ணினேன், கரண்டைப் புடுங்கிட்டானுங்க. உன்னோட ஆட்டம் திறந்திருந்துச்சு புள்ள. போயிருக்கும்.”

கரண்ட் வந்ததும் பார்த்தாள். போயிருந்தது.

“உங்களது இருக்குதுங்களா?”

“என்னது இருக்குது.”

“மூணாவதுலயும் உங்களதுதான் தெரியுது?”

“அதுதான் அந்தக் கோளாறு. ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப்போச்சு” என்று பொறியியல் படித்தவன் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “போகட்டும். அவங்க அவங்க இப்ப எங்கிருக்காங்களோ” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள்.

மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். “கரண்ட் எப்ப வேணாலும் போவுங்க. எத்தனை தடவை பேரு வெக்கறது?” என்றாள். காலை நேரத்தில் சீரியல் மறுஒளிபரப்பு பார்க்க ஆரம்பித்தாள். அதுவும் பாதியில் எழுந்து போய்விடுவாள். நான் அழித்தேன் என்று சொல்லியிருந்தால் என்மேல் கோபப்பட்டிருப்பாள், அந்தக் கோபத்திலேயே மறுபடி தொடங்கியிருப்பாள். கரண்ட் மேல் யார் கோபப்பட முடியும்? நான் சொன்ன பொய் என்னைக் காப்பாற்றியது, அவளைக் கையாலாகாதவளாக உட்காரவைத்துவிட்டது.

கரண்ட் மேல் கோபப்பட முடியாது என்று சொன்னேன். லைன்மேன் மேல் படலாம். அடுத்த வாரம் அவர் எங்கள் வாசலில் கம்பத்தைப் பார்க்க வந்தபோது இவள் வெளியே போனாள்.

“ஏஞ்சாமி, அன்னைக்குச் சொல்லாமக் கொள்ளாமப் புடுங்கிட்டீங்களே. என்ர சிநேகிதிங்க மூணு பேரும் போயிட்டாங்க.”

அந்த மனிதர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். “ஐயோ, ஏனுங்கம்மா! எங்கீங்க? கம்பி கிம்பி அறுந்துருச்சுங்களா?”

“டிவிக்குள்ளீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கம்பத்தின் உச்சியைப் பார்த்தேன். “இனிமே முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் எடுப்பமுங்க” என்று, செய்யாத தப்புக்கு அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே போய் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். அப்படியும் வேர்த்தது.

அந்த வாரம் அவள் அக்கா வீட்டுச் சீர் விசேஷத்துக்காகக் குமாரபாளையம் போனாள். சில நாள் தங்குவாள். இதுதான் சமயம் என்று, செய்ததை யாருக்கும் தெரியாமல் செப்பனிட முடிவுசெய்தேன். விபத்தான வண்டிக்கு வண்ணம் அடித்துக்கொண்டுவந்து புது வண்டி என்று காட்டியவர்களை நான் எத்தனை முறை பிடித்திருக்கிறேன். மூன்றாவது இடத்தை எடுத்துக்கொண்டு, நாலு பெயரையும் வால் அறுத்தபடியே போட்டு ஆரம்பித்தேன். பேருந்து நிலையத்தில் அவளை இறக்கிவிட்டு வந்த கையோடு உட்கார்ந்தவன், அவள் வைத்துவிட்டுப் போன குழம்பு தீரும்வரை ஆடினேன். துறைமுகம் வந்து சேர்ந்தேன். அவளைப் போலவே நாலு பேருக்கும் தொப்பி வாங்கினேன். கேடயத்துக்கு வேண்டிய காசு தொப்பிக்குப் போனது நெஞ்சில் உறுத்தியது, ஆனாலும் வாங்கினேன். நாலு பேரையும் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அச்சு அசலாக அவள் விட்ட இடம்.

அவள் வந்ததும் பையை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னேன்: “உன்னோட ஆட்டம் திரும்பி வந்துருச்சு. பெட்டி தானா சரியாயிருச்சு.”

“தானாவா?”

“தானா.”

சேலையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தாள். கடற்கரையில் நாலு தொப்பிகளைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பை, நான் செய்த வேலைக்குக் கிடைத்த கூலியாக எடுத்துக்கொண்டேன். அந்தக் கூலி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. மீன்காரியிடம் போனாள். மீன்காரி, நீங்கள் ஊருக்குப் புதுசா என்று கேட்டாள்.

“இவ என்ர கூட எத்தனை நாளாப் பேசியிருக்கறா. புதுசாங்கறா?”

அடுத்து வேறொருவரிடம் போனாள். அவரும் புதுசா என்றார். ஊரில் யாரிடமும் நான் பேசியிருக்கவில்லை. என் மனைவி திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஆட்களின் பலத்தைப் பார்த்தாள். அவளுடையதைப் போல இரண்டு மடங்கு. பிறகு பையைத் திறந்தாள். நொறுங்கிய லாரியை நான் சுற்றிவரும்போது ஓட்டுநர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பையில் சாதாரணப் பச்சிலை தொண்ணூற்றொன்பது. செத்தவரை எழுப்பும் இலை, அந்த ஊர் வரை எத்தனை கிடைக்குமோ அத்தனையும். எப்படியாவது அவளைப் போல் ஆட வேண்டும் என்று உட்கார்ந்தவன்தான். இலையைச் செலவழிக்க மட்டும் கை வரவில்லை.

“என்ர பையில என்னைக்குங்க இத்தனை மருந்து இருந்துச்சு?”

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணை மறுபடி படித்தாள்.

“இது நீங்க ஆடுனது. பேரு மட்டுந்தான் எங்களுது.”

எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை வாசல், மூன்றாவது இடம், பிடுங்கிய கம்பி, மரக்கிளை, கரண்ட். ஒன்றையும் விடவில்லை. விட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரிந்துவிட்டது.

“ரெண்டு எடத்துல இருந்தும் பத்தலீங்களா உங்களுக்கு?”

“பயம்.”

“யாருகிட்ட? டிவிக்குள்ள இருக்கற அந்த ராசாகிட்டயா?” என்றவள், “அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு வார்த்தை வைஞ்சிருப்பேன். அத்தோட போயிருக்கும். என்னைய ஏமாத்துனதோட நிக்காம, அந்த லைன்மேன் சாமியைக் கும்புடவெச்சிட்டீங்களே” என்றாள்.

என் பரிகார ஆட்டத்தை அவளே அழித்தாள். நானும் ஒரு தியாகமாக என் இரண்டாவது இடத்தை அழித்தேன். முதல் இடத்தில் அதே ஆட்டம் இருக்கிறது என்பதை அவள் சுட்டிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை புதிதாக ஆரம்பித்தாள். வாளுக்கு ஓமலூர்க்காரி, மந்திரத்துக்குக் கெங்கவல்லிக்காரி, வைத்தியத்துக்கு ஆத்தூர்க்காரி. திருடிக்கு வந்ததும் நிறுத்தினாள். ஐந்து எழுத்தில் என் பெயரைப் போட்டாள்.

“அந்த வேலைக்கு இப்ப நீங்கதான் பொருத்தமுங்க.”

முதல் குகையிலேயே நான் செத்துப்போனேன். இந்த விளையாட்டில் செத்தவர் வெள்ளையாக, புகை போல, மற்றவர்களுக்குப் பின்னால் மிதந்து வருவார். நான் மிதந்தேன். அடுத்த ஊரில் கோயில் இருந்தது. அவள் கோயிலைத் தாண்டித் தொப்பிக்கடைக்குப் போனாள். மூன்று தொப்பி வாங்கினாள். பையில் எழுப்பும் இலை ஒன்று இருந்தது, அதையும் பார்த்தேன். யார் செத்தாலும் அந்த நிமிடமே இலையைப் போடுகிறவள், என்னை மட்டும் ஊர் ஊராக மிதக்கவிட்டாள்.

“ஏம்புள்ள, இலைதான் இருக்குதே?”

“அவசரத்துக்கு வெச்சிருக்கறனுங்க” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

துறைமுகத்துக்குப் பாதி வழி வந்தும் நான் பின்னால் மிதந்துகொண்டிருந்தேன். ஒரு காலை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“எங்கிட்டச் சொல்லிட்டீங்க. அவருகிட்டச் சொன்னீங்களா?”

லைன்மேன் வீடு இரண்டு தெரு தள்ளி. சட்டை மாட்டிக்கொண்டு போனேன். அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், அன்று உங்கள்மேல் தப்பில்லை, அழித்தவன் நான், பழியை உங்கள்மேல் போட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்று. அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

“மிக்சி ஓடலீன்னா நாங்க, சோறு வேகலீன்னா நாங்க, பையன் பெயிலானா நாங்க. எல்லாருமே பழியைக் குடுத்துட்டுத்தான் போயிருக்கறாங்க சார். திருப்பி வாங்கிக்கிட்டுப் போவ வந்தது நீங்க ஒருத்தர்தானுங்க.” பிறகு கேட்டார்: “அந்த விளையாட்டுல கரண்ட் இருக்குதுங்களா?”

“இல்லீங்க. தீவட்டிதான்.”

“அப்ப அங்க நிம்மதீங்க” என்று மறுபடி வண்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே கூடத்திலிருந்து கேட்டாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

அவள் பையைத் திறந்து அந்த ஒரு இலையை எடுத்து என் பெயர்மேல் போட்டாள். புகை கலைந்து கை கால் வந்தது. எழுந்தவனுக்கு ஒரு சொட்டு உயிர்தான் இருக்கும், கொசு கடித்தாலும் போய்விடும். ஆத்தூர்க்காரி தைலம் தேய்ப்பாள் என்று காத்திருந்தேன். என் மனைவி நாலு பேர் நடக்கும் வரிசையை மாற்றிக்கொண்டிருந்தாள். மூன்று தொப்பிகளும் பின்னால் போயின. தொப்பியில்லாத நான் முன்னால் வந்தேன்.

“சித்த இருங்க, காட்டுக்குள்ள போறோம்” என்றாள். “இந்தவாட்டி ஓடப்படாது.”